எது பழைய கம்ப்யூட்டர்? எது புதிய கம்ப்யூட்டர்?

பாகம் பாகமாக மாற்றுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி

ஒரு சைக்கிள் இருக்கிறது. பத்து வருடமாக ஓடுகிறது. முதலில் டயர் தேய்ந்தது, மாற்றினார்கள். பிறகு செயின் அறுந்தது, மாற்றினார்கள். சீட், பெடல், ரிம், ஹேண்டில்பார் எல்லாம் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. ஆனாலும் அது அதே சைக்கிள்தான். "இது உங்கள் சைக்கிளா?" என்று யாரும் வந்து கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் விஷயம் அப்படியல்ல.

அதிலும் பாகங்கள் தேயும், பழசாகும். ஒவ்வொன்றாக மாற்றலாம். அப்படி மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்பு வரும். "இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை. அனுமதி பெறுங்கள்" என்பது அதன் பொருள்.

வீட்டில் இருப்பவர்கள் திகைத்துப் போவார்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருள்தானே? நேற்றுவரை வேலை செய்ததுதானே? பிள்ளைகளின் பாடம், வீட்டுக் கணக்கு, கல்யாணப் படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவே! அவை என்ன ஆகும்?

பயப்பட வேண்டாம். இந்த அறிவிப்பு ஏன் வருகிறது, எப்போது வருகிறது, வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் பெரிய அட்டை ஒன்று தெரியும். அதற்கு மதர்போர்டு என்று பெயர். தாய்ப்பலகை என்றும் சொல்லலாம். மற்ற பாகங்கள் எல்லாம் இந்தத் தாயின் மடியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கணக்குப் போடும் மூளைக்கு பிராசஸர் என்று பெயர். வேலை நடக்கும்போது மட்டும் விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்வது ரேம். கரண்டை நிறுத்திய பிறகும் எல்லாவற்றையும் காப்பாற்றி வைப்பது ஹார்டு டிஸ்க். திரையில் படம் காட்டுவதற்கு ஓர் அட்டை. மற்ற கம்ப்யூட்டர்களோடு பேசுவதற்கு நெட்வொர்க் அட்டை.

இவை கண்ணுக்குத் தெரியும் பாகங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அதுதான் சாப்ட்வேர். பாகங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வேலை வாங்கும் கட்டளைகளின் தொகுப்பு அது. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருப்பது விண்டோஸ். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் என்ற ஊரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் மைக்ரோசாப்ட் கம்பெனி அதைத் தயாரிக்கிறது.

விற்றது பொருள் அல்ல, அனுமதி!

கடையில் ஒரு குடம் வாங்கினால் குடம் உங்களுடையது. விற்கலாம், உடைக்கலாம், ஊருக்குக் கொடுக்கலாம். சாப்ட்வேர் கம்பெனிகள் அப்படி விற்பதில்லை. "இதை ஒரு கம்ப்யூட்டரில் உபயோகித்துக்கொள்ளலாம்" என்ற அனுமதியைத்தான் விற்கின்றன. அந்த அனுமதிக்கு லைசென்ஸ் என்று பெயர்.

ஒரு காலத்தில் இந்த லைசென்ஸ் வெறும் காகிதத்தோடு சரி. ஒருவர் வாங்குவார். நாலு வீட்டார் அதே தட்டை இரவல் வாங்கித் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்கள். கம்பெனிக்கு ஒரு விலைதான் கிடைக்கும்.

இதைத் தடுக்க மைக்ரோசாப்ட் ஒரு வழி கண்டுபிடித்தது. 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்.பி. என்ற புதிய பதிப்பை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பதிப்பின் முழு விலை 199 டாலர். அதோடு கூடவே வந்தது "ஆக்டிவேஷன்" என்ற புதிய ஏற்பாடு.

ஆக்டிவேஷன் என்றால் என்ன? "இந்த லைசென்ஸ் இந்த எந்திரத்துக்குத்தான்" என்று முடிச்சுப் போடுவது. திருமணத்தைப் பதிவு செய்வதுபோல, சாப்ட்வேரையும் எந்திரத்தையும் ஜோடி சேர்த்துக் கம்பெனியின் புத்தகத்தில் பதிவு செய்துவிடுவது.

30 நாள் கெடு

எக்ஸ்.பி. வாங்கியவருக்கு 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சாவி கிடைத்தது. அது இரும்புச் சாவி அல்ல, எழுத்துச் சாவி. அதைக் கம்ப்யூட்டரில் பதிக்க வேண்டும். பிறகு 30 நாள் கெடு. அதற்குள் இன்டர்நெட் மூலமாகவோ டெலிபோன் மூலமாகவோ கம்பெனியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

டெலிபோன் வழி கொஞ்சம் வேடிக்கையானது. திரையில் 50 எண்கள் தோன்றும். அவற்றை டெலிபோனில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மறுமுனையிலிருந்து 42 எண்களைச் சொல்வார்கள். அவற்றைத் தப்பில்லாமல் பதிக்க வேண்டும். பிறகுதான் அனுமதி!

30 நாளில் பதிவு செய்யாவிட்டால்? கம்ப்யூட்டர் உள்ளே விடாது. பதிவு செய்துவிட்டு வா என்று வாசலிலேயே நிறுத்திவிடும்.

அங்க அடையாளம்

எந்தக் கம்ப்யூட்டர் எது என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் அங்க அடையாளம் எழுதுவார்கள் அல்லவா? "இடது கன்னத்தில் மச்சம், வலது முழங்காலில் தழும்பு" என்று எழுதுவார்களே, அதுபோலத்தான் இதுவும். எக்ஸ்.பி. தன் எந்திரத்தின் பத்து அடையாளங்களைக் குறித்துக்கொண்டது.

திரைக்குப் படம் அனுப்பும் அட்டை எது? நெட்வொர்க் அட்டையின் எண் என்ன? ரேம் ஏறக்குறைய எவ்வளவு? பிராசஸர் எந்த வகை? அதில் வரிசை எண் உண்டா? ஹார்டு டிஸ்க் எது? அதற்கு இட்ட எண் எது? சி.டி. ஓட்டும் கருவி எது? டிஸ்க்குகளை இணைக்கும் இரண்டு வகைச் சாதனங்கள் எவை? ஆகப் பத்து.

"நம் வீட்டு விஷயத்தை எல்லாம் கம்பெனி எடுத்துக்கொண்டு போகிறதோ?" என்று அப்போதே பலர் சந்தேகப்பட்டார்கள். ஜெர்மனியில் பெர்லின் நகரத்தைச் சேர்ந்த ஃபுல்லி லைசென்ஸ்டு என்ற கம்பெனி இதை ஆராய்ந்தது. எக்ஸ்.பி. கடைக்கு வருவதற்கு முன்பே, 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தன் முடிவை வெளியிட்டது. அந்த 50 எண்களுக்குள் இருப்பது பாகங்களின் சுருக்கமான அடையாளம்தான் என்று அது விளக்கியது. மச்சம் இருக்கிறது என்று தெரியும்; முகம் தெரியாது. அவ்வளவுதான்.

பத்து ஓட்டு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரு பாகத்தை மாற்றினால் என்ன ஆகும்?

எக்ஸ்.பி.யில் இது தேர்தல் மாதிரி நடந்தது. பத்து அடையாளங்களுக்கும் ஓட்டு உண்டு. "இது பழைய எந்திரமே" என்று போதுமான ஓட்டு விழுந்தால் சரி. விழாவிட்டால் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும்.

நெட்வொர்க் அட்டைக்கு மட்டும் செல்வாக்கு அதிகம். அது மாறாமல் இருந்தால், மற்றவற்றில் ஐந்து வரை மாறலாம். ஆறாவது மாறினால்தான் கேள்வி எழும். நெட்வொர்க் அட்டையே இல்லாவிட்டாலோ, அதுவும் மாறிப்போனாலோ சலுகை குறையும். அப்போது மொத்தம் மூன்று மாற்றம் வரைதான் மன்னிப்பு. நான்காவதில் எந்திரம் நின்றுவிடும்.

ஒரே பாகத்தை மூன்று தடவை மாற்றினால்? ஒரு மாற்றமாகத்தான் கணக்கு. பழைய டிஸ்க்கை எடுக்காமல் இரண்டாவது டிஸ்க் ஒன்றைச் சேர்த்தால்? கணக்கில் வராது. இருந்தது போனால்தான் ஓட்டுப் போகும். புதிதாக வந்ததால் போகாது.

முதலில் வந்த எக்ஸ்.பி.யில் எல்லை தாண்டியதும் உடனே கதவு சாத்திக்கொண்டது. ஜனங்கள் குறைப்பட்டார்கள். 2002-ஆம் ஆண்டு வந்த திருத்தத்தில் மூன்று நாள் தவணை கொடுத்தார்கள்.

சிறுகச் சிறுக மாற்றினால்?

"நான் ஒரே நாளில் மாற்றவில்லையே! தை மாதம் ரேம், சித்திரையில் டிஸ்க், ஆடித் தள்ளுபடியில் படம் காட்டும் அட்டை என்று ஒவ்வொன்றாகத்தானே மாற்றினேன்?" என்று சிலர் கேட்கலாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிற குடும்பங்களில் இப்படித்தான் நடக்கும்.

ஆனால் எக்ஸ்.பி. நேற்றைய எந்திரத்தோடு இன்றைய எந்திரத்தை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பதிவு செய்த நாளில் எழுதிய அங்க அடையாளத்தோடுதான் ஒப்பிட்டது. ஆகையால் மாற்றங்கள் மெதுவாகச் சேர்ந்துகொண்டே வந்தன. குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிறைந்து ஒரு சொட்டில் வழிவதுபோல, நாலாவது பாகத்தில் அறிவிப்பு வந்தது. கடைசியாக மாற்றிய பாகத்தில்தான் கோளாறு என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் முதல் பாகத்திலிருந்தே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது!

மறுபடியும் பதிவு செய்துவிட்டால் புதிய அங்க அடையாளம் எழுதப்படும். கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

கிரேக்க நாட்டுக் கப்பல்

இந்தச் சங்கடம் கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் ஒரு கப்பலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

தீசியஸ் என்பவன் ஏதென்ஸ் நகரத்து வீரன். அவன் ஏறி வந்த கப்பலை ஜனங்கள் ஞாபகார்த்தமாகக் காப்பாற்றி வந்தார்கள். ஒரு பலகை உளுத்தால் அதை எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடிப்பார்கள். இப்படியே பலகைகள் மாறிக்கொண்டு வந்தன. "இது தீசியஸின் கப்பல்தானா?" என்று அறிஞர்கள் வாதாடினார்கள். சிலர் அதேதான் என்றார்கள். சிலர் இல்லை என்றார்கள்.

1655-ஆம் ஆண்டு தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கில அறிஞர் இதில் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் பத்திரமாகச் சேர்த்து வைத்து, அதே வரிசையில் அடித்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டான் என்றால்? இப்போது கப்பல் இரண்டு! எது அசல்?

நம் வீடுகளில் இன்று நடப்பதும் இதுதான். அண்ணன் கம்ப்யூட்டருக்குப் புதுப் பாகங்கள் வருகின்றன. கழற்றிய பழைய பாகங்களை வேறு பெட்டியில் பொருத்தித் தம்பிக்குக் கொடுக்கிறார்கள். இரண்டும் ஓடுகின்றன. ஆனால் லைசென்ஸ் ஒன்றுதான். அது அண்ணனுக்கா, தம்பிக்கா?

கிரேக்க அறிஞர்கள் வாதத்தை முடிக்காமல் விட்டுவிடலாம். லைசென்ஸ் விற்கும் கம்பெனி அப்படி விட முடியாது. ஏதாவது ஒரு பாகத்தைப் பிடித்துக்கொண்டு "இதுதான் கப்பல்" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் கம்பெனி பிடித்துக்கொண்ட பாகம் மதர்போர்டு.

தாய் மாறினால் எந்திரம் மாறியது!

கம்ப்யூட்டர் தயாரிக்கிற கம்பெனிகளே விண்டோஸைப் போட்டு விற்பதுண்டு. அப்படி எந்திரத்தோடு வந்த லைசென்ஸ் அந்த எந்திரத்தோடு வாழ்ந்து அந்த எந்திரத்தோடு மடியும். வேறு எந்திரத்துக்குப் போகாது.

எக்ஸ்.பி. காலத்தில் பெரிய கம்பெனிகளின் எந்திரங்களில் மதர்போர்டை மட்டுமே பார்த்தார்கள். ரேம், டிஸ்க், பிராசஸர், அட்டைகள் எல்லாவற்றையும் மாற்றினாலும் கேள்வி இல்லை. 2012-ஆம் ஆண்டு விண்டோஸ் 8 வந்தபோது, எழுத்துச் சாவியையே தொழிற்சாலையில் மதர்போர்டுக்குள் பதித்து அனுப்பும் வழக்கம் வந்துவிட்டது. அதனால்தான் இப்போது வாங்கும் பல லேப்டாப்களின் அடியில் சாவி அச்சிட்ட சீட்டைக் காணோம்.

எந்திரத்தைத் தயாரித்து விற்பவர்களுக்கு மைக்ரோசாப்ட் சொல்லி வந்த விதி ஒன்று உண்டு. மதர்போர்டு பழுதாகி, அதற்கு ஈடாக இன்னொன்று வைத்தால் அது அதே எந்திரம். வேகம் வேண்டும் என்று விரும்பி மதர்போர்டை மாற்றினால் அது புதிய எந்திரம்; புதிய லைசென்ஸ் வேண்டும். பாருங்கள்! ஒரே பலகை, ஒரே ஆணி. உளுத்ததால் மாற்றினால் பழைய கப்பல். ஆசைக்கு மாற்றினால் புதிய கப்பல்!

இன்னொரு வகை லைசென்ஸ் கடையில் தனியாக விற்பது. எந்திரத்தோடு சேர்ந்து வராது. விலை அதிகம். ஆனால் அதைப் பழைய எந்திரத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதிய எந்திரத்துக்குக் கொண்டுபோகலாம். எடுத்துவிட்டு என்பதுதான் முக்கியம். இரண்டிலும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஜனங்கள் கேட்டார்கள், விதி மாறியது

2006-ஆம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் விஸ்டா என்ற அடுத்த பதிப்பின் லைசென்ஸ் விதிகள் வெளியாயின. கடையில் வாங்கிய லைசென்ஸையும் ஒரே ஒரு தடவைதான் வேறு எந்திரத்துக்கு மாற்றலாம் என்று அதில் கண்டிருந்தது.

பாகங்களை வாங்கித் தாங்களே கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். "வருடத்துக்கு ஒரு தடவை மதர்போர்டு மாற்றுகிறோம். ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்க முடியுமா?" என்று கேட்டார்கள். மைக்ரோசாப்ட் பணிந்தது. அடுத்த மாதமே விதியைத் திருத்தியது. பழைய எந்திரத்திலிருந்து எடுத்துவிட்டால் வேறு எந்திரத்துக்கு மாற்றலாம். ஒரு தடவைதான் என்ற தடை போயிற்று. விஸ்டா 2007-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி கடைக்கு வந்தபோது திருத்திய விதியோடுதான் வந்தது.

பெரிய கம்பெனியாயிற்றே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்றைய முறை

2015-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி விண்டோஸ் 10 வந்தது. பழைய பதிப்பிலிருந்து இலவசமாக மாறியவர்களுக்கு எழுத்துச் சாவி எதுவும் கொடுக்கவில்லை. எந்திரத்தின் அடையாளம் கம்பெனியின் புத்தகத்தில் ஏறியது. அதற்கு டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர்.

டிஸ்க்கைத் துடைத்துவிட்டு மறுபடி விண்டோஸ் போட்டால், எந்திரம் இன்டர்நெட்டில் போய், "நான்தான்" என்று சொல்லும். கம்பெனி புத்தகத்தைப் பார்த்து, "சரி" என்று சொல்லிவிடும். ஆனால் மதர்போர்டு மாறினால்? "நீ யார்?" என்று கேட்டுவிடும். கையில் காட்டுவதற்குச் சாவியும் கிடையாது!

இந்தக் கஷ்டத்துக்கு 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வழி பிறந்தது. லைசென்ஸை எந்திரத்தோடு மட்டுமல்லாமல் ஆளோடும் முடிச்சுப் போடலாம் என்றார்கள். மைக்ரோசாப்ட் கணக்கு என்று ஒன்று உண்டு. ஈமெயில் முகவரியும் ரகசியச் சொல்லும் கொண்டது. அந்தக் கணக்கோடு லைசென்ஸை இணைத்து வைத்துவிட்டால், மதர்போர்டு மாறிய பிறகும், "நான் இன்னார். பாகம் மாற்றினேன். லைசென்ஸ் என்னுடையது" என்று சொல்லித் திரும்பப் பெறலாம்.

விண்டோஸ் 11-லும் இதே முறைதான். எந்தெந்த மாற்றத்தால் அனுமதி போகும் என்பதற்கு எக்ஸ்.பி. காலத்து ஓட்டுக் கணக்குப் போல இப்போது பட்டியல் தருவதில்லை. "மதர்போர்டு போன்ற பெரிய மாற்றம்" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த விஷயம் இப்போது பல வீடுகளுக்கு அவசரமாகிவிட்டது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சாதனமும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பழைய பெட்டியை வைத்துக்கொண்டு மதர்போர்டையும் பிராசஸரையும் மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் தொடப் போவது சரியாக அந்தத் தாயைத்தான்!

படங்கள் போய்விடுமா?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அனுமதி இல்லை என்று அறிவிப்பு வந்தால் உள்ளே இருக்கும் படங்களும் கணக்குகளும் அழிந்துவிடுமா?

அழியாது. விண்டோஸ் 10, 11 இரண்டும் அனுமதி போன பிறகும் ஓடும். திரையின் வலது மூலையில் அடியில் நினைவூட்டும் வரி ஒன்று நிற்கும். திரையின் படம், நிறம் முதலியவற்றை விருப்பம்போல் மாற்ற அதன் பக்கத்தில் விடாது. உங்கள் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும்.

ஆனால் வேறொரு அபாயம் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

புதிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்குக்குப் பூட்டுப் போடுகிறார்கள். பிட்லாக்கர் என்பது அதன் பெயர். கம்ப்யூட்டர் திருடு போனால் திருடன் டிஸ்க்கைக் கழற்றிப் படிக்க முடியாமல் செய்வது அது. நல்ல பூட்டுத்தான். ஆனால் அந்தப் பூட்டு மதர்போர்டு பக்கத்தில் இருக்கும் டி.பி.எம். சாதனத்தை நம்பியிருக்கிறது. மதர்போர்டை மாற்றினால் பூட்டு, "வீட்டுக்காரர் மாறிவிட்டார்!" என்று நினைத்துவிடும். 48 எண்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும்.

அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளதைப் படிக்க முடியாது. கம்பெனிக்காரர்களாலும் திறக்க முடியாது. 2024-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டு மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைகிறவர்களுக்கு இந்தப் பூட்டுத் தானாகவே விழுகிறது. பூட்டு இருப்பதே தெரியாமல் பலர் இருக்கிறார்கள்!

லைசென்ஸ் போனால் பணத்தோடு போகும். இந்தச் சாவி போனால் கல்யாணப் படங்கள் திரும்பி வருமா?

பெட்டியைத் திறக்கும் முன்

ஆகவே கம்ப்யூட்டர் பாகத்தை மாற்றப் போகிறவர்கள், முக்கியமாக மதர்போர்டில் கைவைக்கப் போகிறவர்கள், கீழ்க்கண்ட காரியங்களை முதலில் செய்துவிடுவது நல்லது. பிறகு செய்துகொள்ளலாம் என்று விடக் கூடாது. பழைய எந்திரம் உயிரோடு இருக்கும்போதுதான் இவற்றைச் செய்ய முடியும்.

1. லைசென்ஸ் எந்த வகை என்று பாருங்கள். கம்ப்யூட்டரோடு வந்ததா? கடையில் தனியாக வாங்கியதா? எந்திரத்தோடு வந்தது என்றால், விரும்பி மதர்போர்டை மாற்றும்போது புதிய லைசென்ஸ் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மலிவு என்று தொடங்கிய காரியம் விலை கூடிவிடும்.

2. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் என்ற பகுதிக்குப் போய், சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். "உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் லைசென்ஸ்" என்று பொருள்படும் ஆங்கில வரி இருந்தால் சரி. "கணக்கோடு இணைந்த" என்பது இல்லாவிட்டால் உடனே இணைத்துவிடுங்கள்.

3. எழுத்துச் சாவி உங்களிடம் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். 25 எழுத்து என்பது ஞாபகத்தில் நிற்காது. கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதி வைப்பதில் பிரயோசனம் இல்லை. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல் ஆகும்.

4. பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 எண் மீட்புச் சாவியைத் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு மதர்போர்டை மாற்றுங்கள்.

5. முக்கியமான படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். இதற்கு ஈடான பாதுகாப்பு வேறு கிடையாது.

6. விண்டோஸ் மட்டுமல்ல. படம் திருத்தும் சாப்ட்வேர், கணக்கு எழுதும் சாப்ட்வேர் சிலவற்றுக்கும் ஆக்டிவேஷன் உண்டு. "இத்தனை எந்திரத்தில்தான்" என்று எல்லையும் உண்டு. பழைய எந்திரத்தில் அவற்றிலிருந்து முறையாக வெளியேறிவிட்டு வாருங்கள்.

பாகம் மாற்றிய பிறகு அறிவிப்பு வந்தால் கலங்க வேண்டாம். அதே ஆக்டிவேஷன் பக்கத்தில் கோளாறு நீக்கும் வழி ஒன்று உண்டு. அதில், "சமீபத்தில் பாகம் மாற்றினேன்" என்று பொருள்படும் வரியைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கணக்கோடு நுழைந்து, பழைய எந்திரத்தின் பெயரைக் காட்டினால் போதும். எந்திரத்துக்கு முதலிலேயே நல்ல பெயர் வைத்திருந்தால் அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். முன்பு இருந்தது வீட்டுப் பதிப்பு என்றால் புதிதாகப் போட்டதும் வீட்டுப் பதிப்பாகவே இருக்க வேண்டும். பதிப்பு மாறினால் லைசென்ஸ் பொருந்தாது.

ஏமாற்றுக்காரர்கள்

பயம் இருக்கும் இடத்தில் ஏமாற்றுக்காரனும் இருப்பான்.

"மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம். உங்கள் லைசென்ஸ் முடிந்துவிட்டது. நாங்கள் சொல்கிறபடி செய்யுங்கள்" என்று டெலிபோன் வந்தால் நம்பாதீர்கள். கேட்காமல் தானாக வீட்டுக்குப் பேசும் வழக்கம் அந்தக் கம்பெனிக்குக் கிடையாது. போனை வைத்துவிடுங்கள்.

"இலவசமாக ஆக்டிவேஷன் செய்து தருகிறோம்" என்று இன்டர்நெட்டில் கிடைக்கும் சின்னஞ்சிறு சாப்ட்வேர்களையும் தொடாதீர்கள். அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு வந்து, பாங்குக் கணக்கின் ரகசியச் சொல்லைத் திருடிய விஷச் சாப்ட்வேர்கள் உண்டு. லைசென்ஸ் பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் சேமிப்பையே இழக்க வேண்டாம்.

கம்பெனி கதவைச் சாத்தினால்?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு பாகம் மாற்றும்போதும் கம்பெனியைக் கேட்க வேண்டும் என்றால், பதில் சொல்ல ஒரு நாள் கம்பெனியே இல்லாவிட்டால்?

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் அடோபி என்ற கம்பெனி 2005-ஆம் ஆண்டு சி.எஸ்.2 என்ற பெயரில் படம் திருத்தும் சாப்ட்வேர்களை விற்றது. அவற்றுக்கும் ஆக்டிவேஷன் உண்டு. சில வருடங்களில் அந்தப் பதிவு எந்திரத்தை அடோபி நிறுத்திவிட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் "சரி" என்று சொல்ல எதிரே ஆள் இல்லை. 2013-ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஆக்டிவேஷன் தேவைப்படாத வேறு பிரதியை அவர்களுக்காக வெளியிட வேண்டியதாயிற்று. அடோபி வழி செய்தது. எல்லாக் கம்பெனியும் செய்யும் என்று சொல்ல முடியுமா?

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு பாதை உண்டு. லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. அதை அடிப்படையாகக் கொண்டு இலவசமாகக் கிடைக்கும் பதிப்புகள் பல. அவற்றுக்குச் சாவி இல்லை, ஆக்டிவேஷன் இல்லை. எத்தனை மதர்போர்டு மாற்றினாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் விண்டோஸுக்கென்று செய்த சாப்ட்வேர்கள் எல்லாம் அதில் ஓடும் என்று சொல்ல முடியாது. எது தேவை என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உழைப்புக்குக் கூலி கேட்பது தப்பில்லை. சாப்ட்வேர் எழுதுகிறவர்களும் உழைப்பாளிகள்தான். அதேபோல் ஒரு தடவை நியாயமாக விலை கொடுத்தவன், தன் பொருளைத் தனக்குப் பிடித்தபடி பழுது பார்த்துக்கொள்ள நினைப்பதும் தப்பில்லை. இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவே போட்ட முடிச்சுத்தான் ஆக்டிவேஷன். முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அது கஷ்டமில்லை. தெரியாமல் இழுப்பவனுக்குத்தான் இறுகும்.

கம்ப்யூட்டரில் அந்த முடிச்சு மதர்போர்டில் இருக்கிறது. அதைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிஷம் செலவழித்து, கணக்கை இணைத்து, சாவியை எழுதி, படங்களை நகல் எடுத்துவிடுங்கள். பிறகு தைரியமாகத் திருப்புளியைக் கையில் எடுக்கலாம்!